உங்களுக்குத் தெரியுமா? ஒரு பெட்டிக்குள் ஐந்து சர்வர்

● பட்டாசு ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள், அங்கே வேலை ஒரே பெரிய கூடத்தில் நடப்பதில்லை. மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை என்று சின்னச் சின்ன அறைகள்தான். அறைக்கும் அறைக்கும் நடுவே விதிப்படி இடைவெளி இருக்கும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதுதான் கணக்கு. சர்வர் விர்ச்சுவலைசேஷனும் இதே கணக்குதான். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒரே கம்ப்யூட்டரைப் பல தனி அறைகளாக, அதாவது விர்ச்சுவல் மெஷின்களாக, தடுத்துக் கொடுக்கிறது. கணக்கு எழுதும் டேலிக்கு ஒன்று, ஃபைல் சர்வருக்கு ஒன்று, சோதித்துப் பார்க்க ஒன்று. ஒன்று தொங்கிப் போனாலும் மற்றவை தம்பாட்டுக்கு ஓடும். ஆனால் ஆலையில் அறைகளுக்கு நடுவே நிஜமாகவே மண் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எல்லா அறைக்கும் ஒரே கூரை, பவர் சப்ளை புகைந்தால் ஐந்து சர்வரும் சேர்ந்தே போகும். கீழே வரும் யோசனைகளில் பாதி இந்த ஒரு குறையைச் சமாளிப்பதற்குத்தான்.

● இது நேற்று வந்த வித்தை அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் (இங்கிலாந்தில் இருப்பதல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது) 1964-ல் சி.பி.-40 என்ற திட்டத்தை ஆரம்பித்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய இயந்திரத்தைப் பலரும் தனித்தனி இயந்திரம் போலப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். அதன் வழியில் வந்த வி.எம்./370 என்ற மென்பொருள் 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. சாதாரண பி.சி.க்கு இந்த வசதி வந்தது 1999-ல், வி.எம்.வேர் மூலம்.

● உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடுமா என்று அறிய யாரையும் கூப்பிட வேண்டாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வைச் சொடுக்குங்கள். விர்ச்சுவலைசேஷன் ‘எனேபிள்டு’ என்று இருந்தால் சரி. ‘டிசேபிள்டு’ என்றால் பெரும்பாலும் பயாஸில் ஒரு சுவிட்சைப் போட்டால் போதும். இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் சிப்பிலேயே இதற்கு வழி செய்துவிட்டன.

● வி.எம்.வேரை நம்பியிருந்த அலுவலகங்கள் ஏன் வேறு வழி தேடுகின்றன? 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கினால் என்றென்றைக்கும் என்ற லைசென்ஸ் விற்பனை நின்று, சந்தா முறை வந்தது. 2024 பிப்ரவரியில் அதன் இலவச ஹைப்பர்வைசரான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. தருவதும் பறிப்பதும் மறுபடி தருவதும் அவர்கள் உரிமை. கம்பெனிக் கணக்கை அந்த மனநிலையின் மேல் ஏற்றி வைப்பதா என்பது உங்கள் யோசனை. என் கை போவது ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம். வியன்னாவில் உருவானது, 2008-ல் முதல் வெளியீடு, டெபியன் லினக்ஸும் கே.வி.எம். ஹைப்பர்வைசரும் அடித்தளம், திறந்த மூல நிரல். உள்ளே நுழைந்ததும் “செல்லுபடியாகும் சந்தா இல்லை” என்று ஒரு பெட்டி எழும். பயப்பட வேண்டாம், அது பிழைச் செய்தி அல்ல. சந்தா இல்லாமலும் எல்லா வசதியும் வேலை செய்யும்.

● ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான். அதோடு தனியாக இறங்கும் எக்ஸ்டென்ஷன் பேக் வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம். அலுவலகத்தில் போட்டால் ஆரக்கிளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

● சிவகாசி அச்சகங்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் செய்யும் பெரிய உபகாரம் பழையதைக் காப்பாற்றுவது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7.0. அதில் செய்த தினசரி காலண்டர் பக்கங்களும், யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த திருமண அழைப்பிதழ்களும் எத்தனையோ ஹார்டு டிஸ்குகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறப்பதற்காகவே மூலையில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. பெட்டியை வைத்து, அது என்றைக்கு நிற்குமோ என்ற கவலையோடு ஓட்டுகிறார்கள். அந்த எக்ஸ்.பி.யை விர்ச்சுவல் மெஷினாக்கிவிட்டால் பெட்டி போனாலும் அது போகாது. மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். டிஸ்க் வகையை ஐ.டி.இ. என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்.பி.க்கு டிஸ்கே தெரியாது. எழுத்துரு மென்பொருளின் யு.எஸ்.பி. டாங்கிளை ‘பாஸ்த்ரூ’ முறையில் அந்த மெஷினுக்கு மட்டும் ஒதுக்குங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: நெட்வொர்க்கை அடியோடு துண்டியுங்கள். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகை ஆட்டிய வான்னாக்ரை, இப்படிச் சரிசெய்யப்படாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் வழியாகத்தான் பரவியது. அறைக்குச் சுவர் இருந்தாலும் நெட்வொர்க் திறந்த கதவு. கோப்பு வாங்கவும் கொடுக்கவும் விர்ச்சுவல்பாக்ஸ் தரும், நெட்வொர்க் தேவைப்படாத ஷேர்டு ஃபோல்டர் ஒன்றே ஒன்று போதும்.

● வீட்டில் கற்றுக்கொள்ள ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பழைய ரேக் சர்வரை வாங்கும் ஆசை பலருக்கு வருகிறது. மின்கணக்கைப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் சர்வர், இரண்டு மாதத்தில் 216 யூனிட் தின்னும். 15 வாட் இழுக்கும் மினி பி.சி.க்கு 21.6 யூனிட்தான். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500 தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும். அந்த 216 யூனிட் உங்களை எந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அது கக்கும் சூட்டுக்கும் விசிறிச் சத்தத்துக்கும் வீட்டில் என்ன பதில் சொல்வீர்கள் என்பது தனி.

● நாலு கோர் உள்ள சிப்பில் ஐந்து மெஷினுக்கும் நாலு நாலு கோர் கொடுத்தால் பெரும்பாலும் ஓடும், எல்லோரும் ஒரே நேரத்தில் உழைப்பதில்லை. ராம் அப்படி அல்ல. இருப்பதற்கு மேல் பங்கு போட்டால் எல்லாமே சேர்ந்து நொண்டும். காசு இருந்தால் முதலில் ராம் வாங்குங்கள்.

● டேலியை விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றும் முன், பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்யுங்கள். லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் எஜுகேஷனல் மோடில் நிற்கும். அதில் மாதத்தின் குறிப்பிட்ட சில நாட்கள் தவிர வேறு தேதியில் பதிவு போட முடியாது. ஆடிட்டர் வந்து உட்கார்ந்த நாளில் இது தெரிய வேண்டாம்.

● ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியின் நிலையைக் குறித்து வைத்து, வேண்டாத மாற்றத்திலிருந்து பின்னால் போக வழி தருவது, அவ்வளவே. அது இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் செத்தால் கூடவே சாகும். வாரக்கணக்கில் அழிக்காமல் விட்டால் பெருத்து இடத்தையும் அடைக்கும். அப்டேட் போடும் முன் எடுங்கள், சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் அழியுங்கள். ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டும் பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காமல் காக்கும், ரான்சம்வேர் பூட்டிய கோப்பை இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காகப் பூட்டியபடியே எழுதியும் வைக்கும்.

உண்மையான பேக்கப் வேறு பெட்டியில் இருக்க வேண்டும், அதன் இன்னொரு பிரதி வேறு ஊரில். வெடிமருந்துக் கிட்டங்கியைத் தள்ளிக் கட்டத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? சிவகாசி அலுவலகத்தின் பிரதி விருதுநகரில் ஒரு வீட்டிலோ கிளை அலுவலகத்திலோ இருக்கட்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் முதல் தடவை மட்டும் முழுவதையும் அனுப்பும், பிறகு மாறிய பகுதிகளை மட்டும், அதனால் சாதாரண பிராட்பேண்டே தாங்கும். பூட்டு போட்டு (என்கிரிப்ட் செய்து) அனுப்பினால் சாவிக் கோப்பின் பிரதியை வெளியே வையுங்கள். சாவி தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்த மாதிரிதான். மாதம் ஒருமுறை ஒரு மெஷினை மீட்டெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

● பேக்கப் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் அல்ல. கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, மின்னணு கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினந்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளும் இதற்குள் வரும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு இந்த விதி இல்லை, அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமும் இல்லை. சைபர் தாக்குதல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு.

● ஐப்பசி மழையோடு இடியும் மின்னலும் வரும், கரண்டும் போய்ப் போய் வரும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் சில கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒன்று ரீஸ்டார்ட் ஆனால் ஐந்து சர்வர் என்று அர்த்தம். யு.எஸ்.பி. வயர் உள்ள யு.பி.எஸ். வாங்கி, ‘நட்’ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். பேட்டரி தீரும் முன் மெஷின்களை வரிசையாக அணைத்துவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்வதும் இந்தச் செலவில் சேரட்டும்.

● சி.சி.டி.வி. பதிவைக் கணக்கு இருக்கும் டிஸ்கில் போடாதீர்கள். அது இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும்.

● இரண்டு சர்வரை வாங்கிச் சேர்த்துக் கட்டினால் ஒன்று போனாலும் மற்றது சமாளிக்கும் என்று நினைப்போம். ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு பேர் கிளஸ்டரில் ஒருவர் படுத்தால், மிச்சமிருப்பவருக்குப் பெரும்பான்மை ஓட்டு இருக்காது. புதிதாக மெஷின் எதையும் எழுப்ப முடியாமல் நின்றுவிடும். மூன்றாவது ஓட்டுக்கு முழு சர்வர் தேவையில்லை, ஒரு ராஸ்பெர்ரி பை போதும்.

● நிர்வாகப் பக்கம் திறக்கும் 8006 போர்ட்டை ரவுட்டரில் இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற வி.பி.என். வழியாக நுழையுங்கள்.

● பெரிய மாற்றங்களை எப்போது செய்வது? ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் அச்சகம் ஆடியில் சர்வரைத் தொடக் கூடாது. பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் அப்படித்தான். தீபாவளி முடிந்து, ஆலைகள் பூஜை போட்டுத் திறக்கும் வரை உள்ள இடைவெளிதான் தோதான நேரம். அப்போதும் பழைய பெட்டியை உடனே காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். புதியதில் ஒரு மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் முடியும் வரை அது ஒரு ஓரமாக இருக்கட்டும்.