பழுதான வண்டியும் பதிவான பேச்சும்

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டி அடிக்கடி பழுதடைந்து நின்றுவிடுமாயின், வாங்கியவர் யாது செய்வார்? விற்றவரிடம் முறையிடுவார். அவர் தொலைபேசியில் அளிக்கும் வாக்குறுதிகளைச் சாட்சியமாக ஒலிப்பதிவு செய்து வைக்கவும் எண்ணுவார். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டுக்கும் சட்டங்கள் உள்ளன. ஆயினும் அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஓரிடத்தில் உரிமையாக இருப்பது மற்றோரிடத்தில் குற்றமாகிவிடுகிறது!

முதலில் வண்டியின் கதையைப் பார்ப்போம். எத்தனை முறை திருத்தியும் சீராகாத வண்டியை அமெரிக்கர் 'எலுமிச்சம்பழம்' என்று ஏளனமாக அழைப்பர். அதனால் வாங்கியவரைக் காக்கும் சட்டத்துக்கும் 'எலுமிச்சைச் சட்டம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1982ஆம் ஆண்டில் கனெக்ரிக்கட் மாநிலம் இத்தகைய சட்டத்தை இயற்றியது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதேனுமொரு வடிவில் அது உண்டு. குறை நீங்காவிடின் உற்பத்தியாளர் வேறு வண்டி கொடுக்கவேண்டும். அன்றேல் பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

எப்போது ஒரு வண்டி 'எலுமிச்சம்பழம்' ஆகும் என்பதிலேயே வேறுபாடு தொடங்குகிறது. நியூயோர்க்கில் இரண்டு ஆண்டு அல்லது 18,000 மைல் என்ற எல்லைக்குள் ஒரே குறையை நான்கு முறை திருத்த முயன்றும் பயனில்லாவிடில், அல்லது வண்டி மொத்தம் 30 நாட்கள் திருத்தத்துக்காக முடங்கிக் கிடந்தால், உரிமை கோரலாம். மசாச்சூசெற்ஸில் எல்லை ஓராண்டு அல்லது 15,000 மைல். மூன்று முயற்சிகளே போதும். கலிபோர்னியாவிலோ, உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடிய குறையாயின் இரண்டு முயற்சிகளுடன் வாங்கியவர் பக்கம் சட்டம் சாய்கிறது.

இனி, பேச்சைப் பதிவு செய்வதைக் கவனிப்போம். 1968ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி, உரையாடுவோருள் ஒருவர் சம்மதித்தாற் போதும். பதிவு செய்பவரே அந்த ஒருவராகவும் இருக்கலாம். நியூயோர்க்கின் விதியும் இதுவே. ஆனால் கலிபோர்னியாவில் அந்தரங்க உரையாடலாயின் அனைவரும் சம்மதிக்கவேண்டும். மீறுவோருக்குச் சிறைவாசமும் தண்டப்பணமும் காத்திருக்கின்றன. அவ்வாறு பெற்ற பதிவைக் குடியியல் வழக்கிற் சாட்சியமாகக் காட்டவும் பொதுவாக இயலாது. மசாச்சூசெற்ஸிலும் மற்றவர் அறியாமற் பதிவு செய்வது குற்றமாகும்.

பேசுவோர் இருவரும் இரு மாநிலங்களில் இருந்தால்? இவ்வினா 2006ஆம் ஆண்டில் கலிபோர்னிய உயர் நீதிமன்றின் முன் வந்தது. ஜோர்ஜியாவில், ஒருவர் சம்மதமே போதுமென்ற சட்டத்தின் கீழ் இயங்கிய ஒரு தரகு நிறுவனக் கிளையினர், கலிபோர்னிய வாடிக்கையாளரின் பேச்சை அவர்களுக்கு அறிவியாமற் பதிவு செய்திருந்தனர். கலிபோர்னியாவில் இருப்பவரைக் கலிபோர்னியச் சட்டமே காக்கவேண்டும் என்று நீதிமன்று தீர்த்தது. எனினும் பழைய பதிவுகளுக்காக நட்டஈடு விதிக்கவில்லை.

இவற்றைச் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நீதி தம் பக்கமே உள்ளதென்ற துணிவில் விற்பனையாளரின் பேச்சை ஒளித்துப் பதிவு செய்பவர், வண்டி வழக்கில் வாதியாக நிற்கவேண்டியவராயினும், வேறொரு வழக்கிற் பிரதிவாதியாகிவிடக்கூடும். எனவே அங்கு வாழும் உறவினருக்கும், கல்வி கற்கச் செல்லும் மாணவருக்கும் நாம் சொல்லத்தக்கது இதுவே: ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தேதி, ஓடிய மைல், கூறிய குறை ஆகியவை குறித்த பற்றுச்சீட்டைத் தவறாது கேட்டு வாங்குங்கள், வாக்குறுதியைக் கடிதமாகப் பெறுங்கள், பேச்சைப் பதிவு செய்வதாயின் முதலிலேயே சொல்லி, மற்றவரின் சம்மதத்தைப் பெறுங்கள். எழுத்திற் பெற்ற சான்றை எந்த மாநில எல்லையும் குற்றமாக்குவதில்லை.