இசைத்தட்டில் பிறந்த இசை

இக்காலத்து இளைஞர் செவியில் இடையறாது ஒலிக்கும் மேனாட்டு இசைவகைகளுள் 'ஹிப்ஹாப்' என்பதும் ஒன்று. பெரியோருள் பலர் இதனைக் கேட்ட அளவிலே, 'இது பாட்டன்று, தாளத்தோடு கூடிய வசைப்பேச்சு' என்று ஒதுக்கிவிடுகின்றனர். இளைஞருள் பலரோ, இது நேற்றுத் திரைப்படத்திற் பிறந்ததென்று எண்ணி மகிழ்கின்றனர். இவ்விரு திறத்தாரும் இதன் பிறப்பு வரலாற்றை அறிந்தாரல்லர். ஐம்பது ஆண்டுகட்குச் சற்று மேற்பட்ட அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். நாம் கருதத்தக்க உண்மை ஒன்று அதனுள் உண்டு. வாத்தியம் வாங்க வகையற்றார், பாட்டுப் போடும் பொறியையே வாத்தியமாக்கிக்கொண்டனர் என்பதே அது.

ஒலிபெருக்கியும் இசைத்தட்டும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் வாழ்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒலிநாடா வருதற்கு முன்னர், நம் பக்கத்து ஊர்களிற் பொங்கல் விழாவாயினும், காதுகுத்தாயினும், கல்யாணமாயினும், மைக் செட்டு இருந்தாலன்றிக் களைகட்டுவதில்லை. வேப்பமரத்திற் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, முதற்கண் பிள்ளையார் பாட்டும், பின்னர் அம்மன் பாட்டும், அதன்பின் திரைப்பாட்டும் போடுதல் மைக் செட்டுக்காரர் வழக்கம். வானொலிப்பெட்டி வாங்க இயலாதாரும் அக்குழாய் வாயிலாகவே சீர்காழி கோவிந்தராஜனையும் எல். ஆர். ஈஸ்வரியையும் கேட்டு மகிழ்ந்தனர். எப்பாட்டிற்குப் பின் எப்பாட்டைப் போட்டாற் கூட்டம் கலையாது என்பதை அறிந்திருத்தலே அவரது திறமை.

ஆயினும் அவர் தட்டைத் தேர்ந்தெடுத்து முள்ளை வைப்பதோடு நின்றார். சுழலுந் தட்டின்மேற் கைவைத்தல் பெருங்குற்றம். தட்டிற் கீறல் விழுந்து ஓரடியே மீண்டும் மீண்டும் ஒலிக்குமாயின் அத்தட்டுப் பயனற்றது. ஒன்றையே ஓயாது கூறுவானைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று இன்றும் எள்ளுகின்றோமன்றோ? நாம் குற்றமென்று தள்ளிய இவ்விரண்டுமே, அஃதாவது தட்டின்மேற் கைவைத்தலும், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிப்பித்தலும், கடல்கடந்த நாட்டில் ஒரு கலைக்கு அடிப்படையாயின.

ஜமெய்க்காவும் பிராங்ஸும்

நம் மைக் செட்டை ஒத்த ஏற்பாடு கரீபியக் கடலிலுள்ள ஜமெய்க்காத் தீவிலும் இருந்தது. 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அதன் தலைநகராகிய கிங்ஸ்டனில், பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்த வெளியில் அடுக்கி, இசைத்தட்டுப் போட்டு ஆடும் கூட்டங்கள் பெருகின. அவ்வேற்பாட்டைச் 'சவுண்டு சிஸ்டம்' என்றனர். தட்டு ஓடும்போதே ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தாளத்திற்கேற்ப வேடிக்கையும் புகழ்ச்சியும் கலந்து பேசுவார். கவுண்ட் மச்சூக்கி, யூ-ராய் என்போர் இதிற் பேர்பெற்றவர். இச்சூழலில், 1955-இற் கிங்ஸ்டனிற் பிறந்த கிளைவ் கேம்பெல் என்னுஞ் சிறுவர், 1967-இல் நியூயார்க்கு நகரின் வடபகுதியாகிய பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் 'டீஜே கூல் ஹெர்க்' என்னும் பெயரால் ஹிப்ஹாப்பின் தந்தையெனப் போற்றப்பட்டவர் இவரே. இசைத்தட்டுக்களை இயக்குவாரை அந்நாட்டார் டீஜே என்பர்.

அக்காலத்துப் பிராங்ஸின் நிலை இரங்கத்தக்கது. ராபர்ட் மோசஸ் என்னும் அதிகாரியின் திட்டப்படி 1948-இல் தொடங்கிய பெருஞ்சாலை, குடியிருப்புக்களை ஊடறுத்துச் சென்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்தது. தொழிற்சாலைகள் அகன்றன, வசதியுடையார் புறநகர்க்குச் சென்றனர், கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தாருமாகிய ஏழைகளே பெரும்பாலும் எஞ்சினர். காப்பீட்டுப் பணங் கருதி உரிமையாளரே தீவைப்பித்த வீடுகளும் உண்டு. குடிக்கணக்கின் பொருட்டு வகுக்கப்பட்ட வட்டாரங்களுள் ஏழு, 1970-க்கும் 1980-க்கும் இடையே, தீயினாலும் கைவிடப்பட்டமையாலும், தம் கட்டிடங்களில் நூற்றுக்கு 97-க்கு மேல் இழந்தன. தீயின் கொடுமையை நன்கறிந்த நம் பகுதியார்க்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

இளைஞர் கும்பல்களாகப் பிரிந்து தம்முட் போரிட்டனர். 1971 டிசம்பரில், சண்டையை விலக்கச் சென்ற கொர்னெல் பெஞ்சமின் என்பார் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் 'கெட்டோ பிரதர்ஸ்' என்னுங் கூட்டத்தின் சமாதானத் தூதர். பெரும்பழி மூளுமென்று யாவரும் அஞ்சியிருக்க, அவர் கூட்டத்தார் பழிவாங்க மறுத்து, அம்மாதம் 8-ஆம் நாள் ஹோ அவென்யூ என்னுமிடத்திற் கும்பல்களை அழைத்துச் சமாதானம் பேசினர். அதனாற் சண்டை முற்றும் ஒழிந்ததென்பதற்கில்லை. எனினும் ஒரு தெருவார் மற்றொரு தெருவிற்குச் சென்று ஆடவும் கேட்கவும் சிறிது வழி பிறந்தது. அவ்வழியிலேயே புதிய இசை நடக்கலாயிற்று.

தட்டு வாத்தியமான வகை

1973 ஆகஸ்டு 11-ஆம் நாள் இரவு, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொதுக்கூடத்தில் ஓர் ஆட்டக்கூட்டம் நடைபெற்றது. அதனை ஏற்பாடு செய்தவள் ஹெர்க்கின் உடன்பிறந்தாள் சிண்டி. பள்ளி திறக்குங்காற் புத்தாடை வாங்கப் பணஞ் சேர்த்தலே அவள் நோக்கம். பெண்களுக்கு 25 காசும், ஆண்களுக்கு 50 காசும் நுழைவுக் கட்டணம். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் இன்று கொண்டாடுவது இந்நாளையே.

ஹெர்க் கண்டறிந்தது யாது? நையாண்டி மேளத்தில் நாயனம் ஓய்ந்து, தவிலும் பம்பையும் மட்டும் முழங்கும் வேளையிலே ஆட்டம் சூடுபிடித்தலை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே ஆங்கில இசைத்தட்டுக்களிலும் பாட்டும் பண்ணும் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதனைப் 'பிரேக்' என்பர். சில விநாடிகளே நிற்கும் அப்பகுதிக்காகவே ஆடுவார் காத்திருத்தலை ஹெர்க் உற்றுநோக்கினார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும் தறுவாயில் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, இவ்வாறு மாறிமாறி ஒலிப்பித்துச் சில விநாடியைப் பல நிமிடமாக்கினார். இம்முறைக்கு அவர் இட்ட பெயர் 'ராட்டினம்' என்னும் பொருள்படுவது. ஜேம்ஸ் பிரவுன் என்னும் புகழ்பெற்ற பாடகரின் தட்டுக்கள் இதற்கு மிகவும் பயன்பட்டன. அத்தாளத்திற்குத் தரையில் விழுந்து சுழன்றாடிய இளைஞரே 'பி-பாய்' எனப்பட்டனர்.

இம்முறையை நுட்பமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்னும் ஜோசப் சாட்லர். தொழிற்பள்ளியில் மின்னணுக் கல்வி பயின்ற இவர், தட்டின்மேல் வண்ணக்கோலால் அடையாளமிட்டு, எத்தனை சுற்றுப் பின்னே திருப்பினால் தாளம் தவறாது தொடங்கும் எனக் கணக்கிட்டார். கூட்டத்தார் கேளாமல் அடுத்த தட்டைத் தாம் மட்டும் முன்னதாகக் கேட்டறியும் விசையையும் அமைத்துக்கொண்டார். தியோடர் லிவிங்ஸ்டன் என்னுஞ் சிறுவர் 1975-ஐ ஒட்டி, சுழலுந் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து, 'ஸ்கிராச்' என்னும் புதிய ஒலியை உண்டாக்கினார். இங்ஙனம், நாம் கெட்டதென்று வீசியெறியும் கீறல் ஓசை ஒரு சுரமாயிற்று.

பேச்சுப் பாட்டான வகை

டீஜேயின் இரு கைகளும் தட்டின்மேல் இருத்தலின், கூட்டத்தை ஊக்குதற்கு வேறொருவர் தேவையாயினார். ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் இப்பணியை மேற்கொண்டார். இவ்வாறு பேசுவாரை 'எம்சி' என்பர். வந்திருந்த நண்பர் பெயர்களைக் கூவி அழைத்தலாகத் தொடங்கிய அது, சில ஆண்டுகளில், இயைபும் தாளமும் அமைந்த நெடும்பாட்டாக வளர்ந்தது. அதுவே 'ராப்'. நம் வில்லுப்பாட்டில் தலைமைப் புலவர் ஒன்று கூற, பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' என்று ஏற்றுத் தாங்குதல் போல, இங்கே எம்சி கூவக் கூட்டம் விடையளிக்கும். ஒருவரையொருவர் சொல்லால் வெல்லும் போட்டிகளும் எழுந்தன. 'பிளாக் ஸ்பேட்ஸ்' என்னும் கும்பலின் தலைவருள் ஒருவராயிருந்த ஆப்பிரிக்கா பம்பாட்டா, ஆட்டக்காரரையும் டீஜேக்களையும் சேர்த்து 'ஜூலு நேஷன்' என்னுஞ் சங்கத்தை நிறுவினார். கத்தி ஏந்திய கைகளுட் சில ஒலிவாங்கி ஏந்தின.

அந்நாளில் இவ்விசை தெருவிலும் கூடத்திலும் மட்டுமே வாழ்ந்தது. 1979-இல் சில்வியா ராபின்சன் என்னும் அம்மையார் நடத்திய நிறுவனம், சுகர்ஹில் கேங் என்னும் மூவரைக் கொண்டு 'ராப்பர்ஸ் டிலைட்' என்னுந் தட்டை வெளியிட்டது. அது பல நாடுகளிற் பரவிற்று. ஆனால் அதிற் பாடப்பட்ட அடிகளுட் பல, பிராங்ஸின் தெருக்கவியாகிய கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பாருடையவை. அவர் பெயர் தட்டில் இடம்பெறவில்லை. ஏழையின் கலை சந்தைக்குச் செல்லுங்கால் ஏழையின் பெயர் வழியில் உதிர்ந்துபோதல் எந்நாட்டிற்கும் பொதுவன்றோ?

1982-இற் கிராண்ட்மாஸ்டர் பிளாஷும் அவர் குழுவினரும் வெளியிட்ட 'தி மெஸேஜ்' என்னும் பாட்டு, களிப்பை விடுத்து, இடிந்த வீட்டையும் வேலையின்மையையும் பாடிற்று. 2002-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போற்றிக் காக்கத்தக்கனவென்று முதன்முதல் தேர்ந்த 50 ஒலிப்பதிவுகளுள் இதுவும் ஒன்று. 2018-இற் கென்ட்ரிக் லாமர் என்னும் ராப் கவிஞர் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். 2024-இற் பாரிஸ் ஒலிம்பிக்கில் பி-பாய் ஆட்டம் இடம்பெற்றது.

தமிழிற் புகுந்த வரலாறு

தமிழ்த் திரையில் 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' இம்முறையை ஊரறியச் செய்தது. ஆனால் தமிழ் ராப்பைத் தனிக்கலையாக வளர்த்தவர் மலேசியத் தமிழரே. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர் பலரின் வழித்தோன்றல்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரங்களின் ஓரங்களிற் குடியேறினர். அந்நாட்டில் 'பொயட்டிக் அம்மோ' என்னுங் குழு 1998-இற் பன்மொழிப் பாட்டுக்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவினராகிய யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்போருடன் 'நட்சத்ரா' என்னும் பெயரிற் கூடி, 2006-இல் 'வல்லவன்' என்னுந் தமிழ்த் தொகுப்பை அளித்தார். இளையராஜா 1980-இல் 'நிழல்கள்' படத்திற்கு அமைத்த பாடல் ஒன்றை எடுத்து, அதன்மேற் புதுச்சொற் பெய்தமைத்த 'மடை திறந்து' என்பதே அதிற் பெரும்புகழ் பெற்றது. பழைய தட்டிலிருந்து புதிய பாட்டுச் செய்தலாகிய பிராங்ஸின் வழியே இதுவும்.

ஈண்டு மொழியியல்பு ஒன்று கருதற்பாலது. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியிறுதி இயைபையே நம்பி நிற்பது. தமிழிலோ வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருதலின், 'வந்தான், நின்றான்' என இயைபு முயற்சியின்றியே அமைந்துவிடும். எளிதிற் கிடைப்பது விரைவிற் சலிக்கும். ஆகவே நல்ல தமிழ் ராப் அடியின் தலைப்பகுதியில் எதுகையையும் மோனையையும் நாடுகின்றது. குறிலும் நெடிலும் தாளத்தை அளக்கின்றன. இரட்டித்த வல்லினம் தோற்கருவியின் அடிபோல் விழுகின்றது. அருணகிரிநாதர் சந்தத்திலும், கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்திலும் விளங்குவது இவ்வாற்றலே. அவற்றிலிருந்து ஹிப்ஹாப் பிறந்ததென்று கூறுதல் வரலாறாகாது. ஆனால் அது தமிழில் வேரூன்றுதற்கு வேண்டிய மண் முன்னரே பண்பட்டிருந்தது எனலாம்.

பின்னர்த் தமிழ்நாட்டில் ஆதி, ஜீவா என்னும் இருவர் 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் 2012-இல் தம் முதற்றொகுப்பை வெளியிட்டனர். 2018-இல் சென்னையில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக் கொடுமையைப் பாடிற்று. அக்குழுவைச் சேர்ந்த அறிவு, 2019-இல் 'தெருக்குரல்' என்னுந் தொகுப்பையும், 2021-இற் பாடகி தீயுடன் 'எஞ்சாயி எஞ்சாமி'யையும் அளித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வே பின்னதற்கு வித்து. தோட்டத்திற் குனிந்து உழைத்தாரின் ஒப்பாரிக் குரல், பேரனின் வாயிலாக உலகின் செவியை எட்டிற்று.

இவ்விசையிற் குறையில்லையென்பது எம் கருத்தன்று. வீண் தற்புகழ்ச்சியும், பெண்ணினத்தை இழித்துரைத்தலும், பொன்னையே பெரிதெனப் பாடுதலும் இதிற் பல. அவற்றை விலக்குதல் கற்றார் கடன். ஆயினும் குறை கண்டு முழுவதையும் ஒதுக்குவார், எரிந்த தெருவில் நின்று, பழைய தட்டு இரண்டையும் தம் நாவையுமே பொருளாகக் கொண்டு ஒரு கலையை ஆக்கிய சிறுவரின் முயற்சியைக் காணாதொழிவர். தீப்பெட்டி ஒட்டியும், வெடி சுற்றியும், அச்சுப்பொறியின் அருகில் நின்றும் வாழ்நாள் கழிக்கும் நம் பகுதி மக்களிடம் பாடத்தக்க வாழ்வு நிரம்ப உண்டு. கும்மியும் ஒப்பாரியும் வில்லும் அவர்கள் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. கற்ற இளைஞர் அவற்றைக் காதுகொடுத்துக் கேட்பாராக. கேட்டதைத் தம் சொல்லாற் பாடுவாராக. பாடுங்கால், யாரிடமிருந்து பெற்றனரோ அவர் பெயரை மறவாது சொல்வாராக.