ஊசி நின்றபின் திரும்பும் பசி

பெரியம்மா மகன் காக்கா துபாயிலிருந்து ஊர் திரும்பியபோது, அவரை அடையாளம் காண எனக்குச் சற்று நேரமாயிற்று. 104 கிலோவாக இருந்தவர் 85 கிலோவாக இளைத்து வந்திருந்தார். வாரத்திற்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் பசியடக்கும் ஊசியின் பயன் அது. வேலையை விட்டு வந்ததும் நிறுவனம் அளித்த மருத்துவக் காப்பீடு முடிந்தது. அத்தோடு ஊசியும் நின்றது. எட்டு மாதங்களில் 11 கிலோ திரும்ப ஏறிவிட்டது.

அந்த நாட்களில் குடும்பத்தில் ஒரு நிக்காஹ். சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தோம். எதிரே இருந்த உறவினர், "இவ்வளவு பணம் செலவழித்து இளைத்தீர்கள், கையைக் கொஞ்சம் அடக்கக் கூடாதா?" என்று பலர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். காக்கா பதில் கூறாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இரவு திண்ணையில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, ருசிக்காக நான் உண்ணவில்லை. பசிக்கிறது. சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?"

அந்தக் கேள்வி என்னை உறுத்தியதற்குக் காரணம் உண்டு. சிரித்தவரின் மனத்தில் இருந்த எண்ணம் என் மனத்திலும் இருந்தது. அளவோடு உண்பதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம், உடல் பருத்த பிள்ளைகள் இருக்கும் பக்கம் என் பார்வை தானாகவே திரும்பியிருக்கிறது. நான் மருத்துவனல்லன். எனினும் மருத்துவர்களிடம் கேட்டும், வெளிவந்த ஆய்வுகளைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது கடமையெனத் தோன்றுகிறது.

நாம் உண்டதும் குடலில் ஒருவகை ஹார்மோன் சுரக்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி அது செய்கிறது. 'போதும்' என்னும் செய்தியை மூளைக்கும் அனுப்புகிறது. இயற்கையாகச் சுரக்கும் இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். செமாக்ளூடைட் என்னும் மருந்து அதே வேலையை நாட்கணக்கில் செய்கிறது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரமாகும். முழுவதும் வெளியேறச் சுமார் ஐந்து வாரங்கள் ஆகும். ஊசியை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று பலர் நிம்மதி அடைவது இதனால்தான். பிறகுதான் பழைய பசி வாசலில் வந்து நிற்கிறது.

தனியாகவும் வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து இளைக்கச் செய்து ஆராய்ந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, இளைத்து ஓராண்டு கடந்த பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தும், நிறைவைத் தரும் ஹார்மோன்கள் தாழ்ந்தும் இருந்தன. இளைத்த உடம்பு தன்னைப் பஞ்சத்தில் சிக்கியதாகவே கருதுகிறது. செலவைச் சுருக்கிக்கொண்டு வரவைக் கேட்கிறது. ஊசி இந்தக் கூக்குரலை அடக்கி வைத்திருந்ததே தவிர, அதன் காரணத்தை அகற்றவில்லை.

செமாக்ளூடைட் ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 17.3 சதவிகிதம் எடை குறைந்தவர்களுக்கு, மருந்தும் உடன் அளிக்கப்பட்ட உணவு ஆலோசனையும் ஒருசேர நிறுத்தப்பட்டன. ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 100 கிலோ இருந்தவர் 83க்கு இறங்கி, மீண்டும் 94ஐத் தொட்டார் என்று கொள்ளலாம். இது 2022இல் வெளியானது. அடுத்த ஆண்டு வெளியான டிர்செபடைட் ஆய்வில், மருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆலோசனை தொடர்ந்தது. அப்படியிருந்தும், குறைந்த எடையில் ஐந்தில் நான்கு பங்கையேனும் ஓராண்டு காத்துக்கொண்டவர்கள் ஆறில் ஒருவரே. மருந்தைத் தொடர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் காத்துக்கொண்டார்கள்.

காக்காவைப் பார்த்துச் சிரித்தவருக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று விரும்பினேன். ஆறில் ஐந்து பேருக்கும் நாவடக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்கு அழுத்தம் ஏறினால் அவரை யாரும் பழிப்பதில்லை. சிலருக்கு இந்த மருந்தும் நெடுங்காலம் தேவைப்படலாம் என்றே மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ஆனால் எல்லோராலும் தொடர இயலாது. செலவு, குமட்டல், கருத்தரிக்கும் விருப்பம் எனப் பல காரணங்களால் நிறுத்த நேரிடுகிறது. அவர்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்கு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்த ஓர் ஆய்வு வழி காட்டுகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் சுமார் 13 கிலோ குறைந்தவர்களைப் பிரித்து, ஓராண்டு ஒரு பிரிவினருக்கு லிராக்ளூடைட் ஊசியும், இன்னொரு பிரிவினருக்கு மேற்பார்வையுடன் உடற்பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் அளித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மேலும் ஓராண்டு கழித்து எடை பார்த்தார்கள். ஊசி மட்டும் போட்டவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 6 கிலோ அதிகமாகத் திரும்பியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் ஊசி மட்டும் போட்டவர்களைவிடக் குறைவாகவே ஏறியிருந்தார்கள். மருந்து நின்றதும் அதன் வேலை நின்றது. பழகிய கால்கள் நிற்கவில்லை போலும்.

ஆகவே நடையும் பயிற்சியும் ஊசி போடும் காலத்திலேயே தொடங்க வேண்டியவை. காக்கா இதை அறியவில்லை. 'தானாக இளைக்கும்போது நடப்பது எதற்கு?' என்று இருந்துவிட்டார். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. நாற்காலியில் கை ஊன்றாமல் பலமுறை எழுந்து அமர்வது, சிறு எடைகளைத் தூக்குவது, ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பது ஆகியவை தசையைக் காக்க உதவும். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஊசியை நிறுத்தவே கூடாது. எடைக்கு முன்னால் சர்க்கரை ஏறிவிடும்.

எடை பார்க்கும் கருவியும் வீட்டில் இருக்கட்டும். அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இளைத்தவர்களுக்கு நாள்தோறும் எடை பார்க்கவும், இரண்டேகால் கிலோ ஏறினாலே விழித்துக்கொண்டு செயல்படவும் பழக்கினார்கள். பதினெட்டு மாதங்களில் அவ்வளவு எடை ஏறியவர்கள், நேரில் பயிற்சி பெற்ற பிரிவில் 46 சதவிகிதம்; வெறும் கடிதம் மட்டும் பெற்ற பிரிவில் 72 சதவிகிதம். அவர்கள் மருந்தால் இளைத்தவர்களல்லர் எனினும் இம்முறை நமக்கும் பொருந்தும். இரண்டு கிலோவைத் திருப்புவது எளிது, பதினொன்றைத் திருப்புவது மலை.

இனி நம் விருந்துகளைப் பற்றி. சஹனில் ஒன்றாக உண்பதன் அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதில் அமர்ந்தவர் தாம் உண்ட அளவை அறிய வழியே இல்லை. குறையக் குறைய நெய்ச்சோறு வந்து விழுந்துகொண்டிருக்கும். பக்கத்திலிருப்பவர் கறித்துண்டை நம் பக்கம் தள்ளுவார். மறுத்தால் மனம் நோகும். கடைசியில் வட்டலப்பம். நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சிக்கு முன்பே சமோசாவும் வடையும் வயிற்றை நிரப்பிவிடுகின்றன. 'போதும்' என்னும் செய்தி மூளைக்குத் தாமதமாகச் செல்லும் ஒருவருக்கு இந்த உபசரிப்பு பெரும் சோதனை. அவரைக் கேலி செய்யும் உறவினரே அவருக்கு இரண்டாம் முறை பரிமாறுவதையும் பார்த்திருக்கிறேன்!

நான்கு மாதங்களாக ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் நானும் காக்காவும் கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். என் மூச்சே முதலில் வாங்குகிறது. ஊசியை மீண்டும் தொடங்குவதா என்பதை அவருடைய மருத்துவர் அடுத்த பரிசோதனையில் முடிவு செய்வார். 96இல் நின்ற எடை இப்போது 94. ஷவ்வாலில் மாமி வீட்டில் ஒரு நிக்காஹ் இருக்கிறது. காக்காவுக்குத் தனித்தட்டில் வைத்துவிடுங்கள் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். "வந்தவரைத் தனியாக உட்கார வைப்பதா?" என்று மாமி இன்னும் மனமிசையாமல் இருக்கிறார். நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அமர்வதாகச் சொன்ன பிறகு, யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.