வடம் இழுக்குந் தொழில்

விடுமுறை நாட்களில் வடம் இழுக்கச் செல்கின்றோம் என்று யாம் கூறியபொழுது, விடுதி நண்பரொருவர், "எந்த ஊர்த் தேருக்கு?" என்று வினவினர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் ஒருவர் வடம் என்னுஞ் சொல்லை மொழியின், கேட்போர் உள்ளத்தே தேரும் திருவிழாவும் தோன்றுதல் இயல்பே. ஆயின், யாம் இழுக்கும் வடத்தின் பின்னே தேரில்லை, கூட்டமில்லை, கொட்டு முழக்கமுமில்லை. சுவருக்குள்ளும் கூரையின் மறைவிலும் ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது கிடந்து, செய்தியைச் சுமந்து செல்லுங் கம்பி வடமே அது. அத்தொழிலின் இயல்பினையும், அதன்கண் யாம் கற்றவற்றையும், ஒரு நாள் செய்யத் தவறியதனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எம் தந்தையார் ஒரு சிறு கடையிற் கணக்கெழுதுபவர். விடுதிக் கட்டணத்தின் ஒரு பகுதியையேனும் யாமே ஈட்டுதல் வேண்டுமென்னும் எண்ணத்துடன், சென்ற ஆண்டு, எம் ஊரினராகிய ஓர் அண்ணாச்சியிடம் உதவியாளாய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமைகளும், வகுப்பு முடிந்த சில மாலைகளும் எமது வேலைநாட்களாயின. முதல் மாதத்தில் எமக்கு இடப்பட்ட பணிகள் இரண்டே: ஏணியைப் பிடித்தல் ஒன்று, பெட்டியிலிருந்து வடம் சிக்கின்றி வெளிவருமாறு கைகொடுத்தல் மற்றொன்று. இவற்றிற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என எண்ணினோம். வேண்டும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முதற்கண், இவ்வடம் எத்தகையது என்பதனை ஆராய்வாம். நம் வீடுகளில் விளக்கெரிக்கும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. அதனைத் தீண்டுதல் உயிர்க்கு இறுதி பயப்பது. யாம் இழுக்கும் வடங்கள் அத்தகையன அல்ல. கண்காணிப்புக் கேமராக்களிற் பல 12 வோல்ட்டிலும், தீயறிவிப்புக் கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டிலும், பழைய தொலைபேசிக் கம்பிகள் 48 வோல்ட்டிலும் இயங்குவன. மாறுதிசை மின்னோட்டமாயின் 50 வோல்ட்டுக்கும், நேர் மின்னோட்டமாயின் 120 வோல்ட்டுக்கும் மேற்படாதவற்றை உலகத் தரநூலார் ஒரு தனி வகுப்பாக வைத்துள்ளனர். நம் நாட்டு 1956-ஆம் ஆண்டு மின்விதிகளிலோ 250 வோல்ட்டு வரையுள்ளதே குறைந்த அழுத்தம் எனப்பட்டது. ஆதலின் இங்குள்ள பொறியாளர் எம் வடங்களை 'மிகக் குறைந்த மின்னழுத்த' வடங்கள் என்பர். பெயர் யாதாயினும், விளக்குக் கம்பி ஆற்றலைச் சுமப்பது. எம் வடம் பெரிதும் செய்தியைச் சுமப்பது என வேறுபாடு கொள்க.

கணினிகளை இணைக்கும் வடமொன்றை அறுத்து நோக்கின், அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் இருத்தலைக் காணலாம். அவை இவ்விரண்டாய் முறுக்கப்பெற்று நான்கு இணைகளாய் அமைந்துள்ளன. முறுக்குதல் எற்றுக்கெனின், கூறுவாம். வடத்தின் அருகே மின்விசிறியோ நீரேற்றும் மோட்டாரோ இயங்கின், அதனின்று எழுங் காந்தப்புலம் கம்பியிலே வேண்டாத மின்னலைவை எழுப்பும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்லுங்கால், அவ்விடையூறு இரண்டினையும் ஒப்பத் தாக்கும். செய்தியோ, ஒரு கம்பியில் ஏறும்பொழுது மற்றதில் இறங்குமாறு அனுப்பப்படுவது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டற்கும் இடையேயுள்ள வேற்றுமையை மட்டுமே கொள்ளுதலின், இரண்டிற்கும் பொதுவாய இடையூறு கழிந்து செய்தி மட்டும் எஞ்சும். 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்லே, 1881-ஆம் ஆண்டில் இம்முறுக்கிணைக்கும் உரிமம் பெற்றவர். நான்கு இணைகளும் வெவ்வேறளவாய் முறுக்கப்பட்டிருத்தல், ஓரிணையின் செய்தி அயலிணையிற் கசியாமைப் பொருட்டு. இங்ஙனம் அரிதின் அமைத்த முறுக்கினை, முனையைப் பொருத்துங்கால் அரையங்குலத்திற்கு மேல் அவிழ்த்தல் கூடாது.

இனி, முனை பொருத்தும் முறையிலே யாம் செய்த பிழையொன்றைக் கூறுவாம். கம்பிகளின் வண்ண வரிசை நூற்பாப்போல் மனத்திற் கொள்ளத்தக்கது: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை இணையைப் பிரித்து, இடையே நீல இணையை வைத்தல் எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வெள்ளை பச்சையை அடுத்துப் பச்சையும், வெள்ளை நீலத்தை அடுத்து நீலமுமாக இரு முனையிலும் ஒழுங்காக வைத்தோம். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் முறையே எரிந்தன. யாம் மகிழ்ந்தோம். ஆயின், கணினியை இணைத்தபொழுது செய்தி தடுமாறித் தடுமாறிச் சென்றது. காரணம் யாதெனின், மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் ஒரே இணையின் இரு கம்பிகளாய் இருத்தல் வேண்டும். எம் வரிசையில் மூன்றாவது பச்சையிணையினின்றும், ஆறாவது நீலவிணையினின்றும் வந்தன. கம்பி தொடர்ந்தது, முறுக்கின் பயன் ஒழிந்தது. எழுத்தொன்றுங் குறையாதிருந்தும் சீர் பிரிப்பிற் பிழைத்த செய்யுள் ஓசை கெடுதலை வகுப்பிற் பன்முறை கண்ட எமக்கு, அதன் பொருள் விரைவில் விளங்கிற்று.

வடம் இழுத்தற்கும் வரம்புகள் உள. ஓர் இணைப்பின் முழு நீளம் 100 மீட்டரைக் கடத்தலாகாது. அதனுள் சுவரிற் கிடப்பது 90 மீட்டர், இரு முனையிலும் கருவிகளோடு இணைக்குஞ் சிறு வடங்களுக்கு 10 மீட்டர் எனப் பகுத்துள்ளனர். இழுக்கும் விசை ஏறக்குறைய 11 கிலோகிராம் எடைக்கு மேற்படின், உள்ளிருக்குங் கம்பிகள் நீண்டு முறுக்குக் கெடும். திருப்பங்களில், வடத்தின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கினுங் குறுகிய வளைவு ஆகாது. விளக்குக் கம்பியோடு ஒட்டி நெடுந்தொலை செல்லுதலும் ஆகாது; கடக்க நேரின் குறுக்காக, நேர்கோணத்தில், கடத்தல் வேண்டும். இரு முனையிலும் எண் எழுதி ஒட்டுதல் மிக முதன்மையானது. ஒரு மாலை 24 வடங்களுக்கு எண்ணிட மறந்து, இரவு வெகுநேரம் ஒவ்வொன்றாய்த் தேடி அலைந்தபின், அதனை யாம் மறந்ததேயில்லை.

குறைந்த மின்னழுத்தம் என்பதனால் இத்தொழிலில் இடரில்லை என எண்ணற்க. வடம் எம்மைக் கொல்லாது. ஆனால், சுவருக்குள் முன்னரே புதைந்து கிடக்கும் 230 வோல்ட்டுக் கம்பியைத் துளைப்பொறி தீண்டுமாயின் நிலைமை வேறு. ஆதலின், சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடலாகாது என்பது அண்ணாச்சி எமக்குச் சொன்ன முதல் விதி. ஏணியின் மேற்படியில் நிற்கலாகாது என்பது இரண்டாவது விதி.

இக்காலத்தில் இவ்வடம் செய்தியோடு ஆற்றலையுஞ் சேர்த்தே சுமக்கத் தொடங்கியுள்ளது. கேமராவுக்கென வேறு மின்கம்பி வேண்டாது, செய்தி வடத்தின் வழியே மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003-ஆம் ஆண்டு தரமாக வகுக்கப்பட்டது. அப்பொழுது அனுப்பத்தக்க அளவு 15.4 வாட்டு, 2009-ஆம் ஆண்டு 30 வாட்டு, 2018-ஆம் ஆண்டு 90 வாட்டு வரை உயர்ந்தது. எனவே கம்பியின் தூய்மை, முன்னினும் பன்மடங்கு இன்றியமையாததாயிற்று. இதனைக் கூறுங்கால், யாம் மறைக்க விரும்பாத நிகழ்ச்சியொன்றனையுங் கூறல் கடன்.

சென்ற பருவத்தின் இறுதியில், ஒரு பள்ளிக்கூடத்திற் கேமரா வடம் இழுக்கும் பணி கிடைத்தது. முதல் நாள் அண்ணாச்சி வேறிடஞ் சென்றிருந்தார். யாமும் மற்றொரு தம்பியுமாக இரு வடங்களை இழுத்து முடித்தோம். முனையை உரித்தபொழுது, கத்தி பட்ட இடத்திற் கம்பி வெளுத்துக் காணப்பட்டது. செப்பு உள்ளும் புறமுஞ் சிவந்திருத்தல் வேண்டும். இதுவோ, அலுமினியக் கம்பியின் மேல் செப்பினை மெல்லிதாய்ப் பூசியது. யாம் கண்டோம், கண்டும் வாளாவிருந்தோம். வரும் திங்களன்று கட்டணம் செலுத்துதல் வேண்டும். அவ்வாரக் கூலியையே நம்பியிருந்தோம். பெட்டி வாங்கினவர் ஒப்பந்தக்காரர், எமக்கென்ன என்று மனத்தை ஆற்றிக்கொண்டோம்.

மறுநாள் அண்ணாச்சி வந்து, 305 மீட்டர்ப் பெட்டியைத் தூக்கியவுடனே கீழே வைத்தார். "இதில் எடையில்லையே" என்றார். கம்பியைச் சுரண்டி நோக்கினார். முன்னும் பின்னுமாய்ச் சிலமுறை வளைத்தார். அது முறிந்து வீழ்ந்தது. அலுமினியம் செப்பினும் மின்சாரத்தை மிகுதியாய்த் தடுப்பது. ஆதலின், நெடுந்தொலைவிலுள்ள கேமராவுக்கு ஆற்றல் குறைந்தே சென்று சேரும். குறைந்தது வெப்பமாகி வடத்தைச் சுடும். பல வடங்கள் ஒன்றாய்க் கட்டுண்டு கிடக்கும் இடத்தில் அவ்வெப்பம் வெளியேற வழியுமில்லை. முனையிலும் எளிதில் முறியும். விலை மலிவு என்பதொன்றே அதன் சிறப்பு. நான்கிணை வடத்திற்கு இது தகாதென்று தரநூல்கள் விலக்கியுள்ளன.

ஒப்பந்தக்காரர் வந்து, "சுவருக்குள்ளே போய்விட்டால் எவர் பார்க்கப் போகிறார்? இழுத்து விடும்" என்றார். அண்ணாச்சி, "முதலாளி, இழுத்த கை என்னுடையது. நாளை ஒரு பிள்ளை நிற்கும் இடத்தில் இது புகைந்தால் நான் என்ன சொல்வேன்?" என்று கூறிக் கருவிகளைப் பையிலிட்டார். பின்னர் எம்பக்கம் திரும்பி, "தம்பி, நேற்று நீதானே உரித்தாய்? பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"பார்த்தேன், அண்ணாச்சி" என்றோம்.

அவர் எம்மைக் கடிந்தாரல்லர். ஏணியைச் சுவரிற் சார்த்தி, "அந்த இரண்டையும் திருப்பி இழுத்துவிடு" என்றார். அவ்வளவே. யாம் முதல் நாள் மகிழ்ந்து இழுத்த 140 மீட்டர் வடத்தையும், அன்று தலைகுனிந்து வெளியே இழுத்தோம். இரண்டு நாள் கழித்து ஒப்பந்தக்காரர் நல்ல செப்பு வடம் கொணர்ந்தார், பணி முடிந்தது. அதன்பின் அவர் எங்களை அழைக்கவில்லை. எமது கட்டணம் அபராதத்துடன் மூன்று வாரம் தாழ்த்தே செலுத்தப்பட்டது. இன்று வேறிடங்களிற் பணி கிடைக்கின்றது.

இவற்றை யாம் எழுதியது, இத்தொழில் இழிவானதென்று எண்ணும் நண்பர்க்கு விடை கூறுதற்கும், பயன்படத்தக்க ஒரு செய்தியை அறிவித்தற்குமே. அன்பர்காள், நும் இல்லத்திலோ, பள்ளியிலோ, ஆலயத்திலோ வடம் இழுக்குங்கால், சுவர் பூசுவதற்கு முன் ஒரு முழம் வடத்தைக் கேட்டு வாங்குமின். கத்தியினாற் கம்பியைச் சுரண்டி நோக்குமின். உள்ளும் சிவப்பாயின் இழுக்க விடுமின், வெளுப்பாயின் நிறுத்துமின். இழுப்பவன் எம்மைப்போல் வாளாவிருப்பினும், நீவிர் வாளாவிருத்தல் வேண்டா.