மெத்தை வாங்கப் போறீங்களா? பிராண்டை விடுங்க, எடையைக் கேளுங்க!

ஆடித் தள்ளுபடி சமயத்தில் தி.நகர் உஸ்மான் சாலைப் பக்கம் மெத்தைக் கடைக்குள் நுழைந்தால், கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த பிராண்ட் பார்க்கறீங்க?" என்பதுதான். வீட்டிலேயே அதற்கு ஒரு பட்டிமன்றம் நடந்து முடிந்திருக்கும். 'ஸ்லீப்வெல்தான் வேண்டும்' என்று மகன், 'கர்லான் போல வராது' என்று அப்பா. வேடிக்கை என்னவென்றால், ஸ்லீப்வெல்லைத் தயாரிக்கும் ஷீலா ஃபோம் நிறுவனம், 2023-ல் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து கர்லானின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிவிட்டது. இரண்டும் இப்போது ஒரே குடும்பம்!

தவிர, ஒரே பிராண்டிலேயே சில ஆயிரம் ரூபாய்க்கும் மெத்தை உண்டு. அதைவிடப் பல மடங்கு விலையிலும் உண்டு. வெளியே இருக்கும் பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

அந்தச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபோம் மெத்தை என்றால் 'டென்சிட்டி எவ்வளவு?' என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்பதே டென்சிட்டி. பெரியவர்கள் தினமும் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 40 என்றால் இன்னும் நிம்மதி. கடைக்காரர் சொல்வது உண்மையா என்று சந்தேகமா? எடை போடச் சொல்லுங்கள். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அங்குல உயரத்தில் முழுக்க ஃபோமால் ஆன மெத்தை, 32 டென்சிட்டி என்றால் உறை இல்லாமலே சுமார் 13.5 கிலோ இருக்கும். 40 என்றால் 17 கிலோ. எட்டு, ஒன்பது கிலோதான் இருக்கிறது என்றால், இடுப்பு படும் இடத்தில் சீக்கிரமே பள்ளம் விழும். (கயிறு, ஸ்பிரிங் மெத்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 'முதுகுவலியா, பலகை மாதிரி மெத்தை வாங்கு' என்பது நம் ஊர் வைத்தியம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடத்திய ஆய்வு, 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. 90 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரமானதில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. ஆகவே 'ஆர்த்தோ' என்ற லேபிளைப் பார்த்து மயங்க வேண்டாம். வலி இருக்கும் அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய், பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மயிலாப்பூர் பழைய வீடுகளின் தேக்குக் கட்டில்கள் இன்றைய அளவுக்கு அடங்காதவை. சட்டத்துக்கு உள்பக்கம் டேப் வைத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள். அடையாறு, பெசன்ட் நகர் போலக் கடல் காற்று வீசும் பகுதிகளில், அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த கட்டில் நல்லது, ஈரம் தங்காது.

இலவம்பஞ்சின் அருமையும் இதே கணக்குதான். அமுங்கிப்போனால் பிரித்து, வெயிலில் காயவைத்து, பஞ்சை அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். ஃபோமுக்கு அந்த வசதி இல்லை.

பத்து வருட வாரன்ட்டி என்றால், எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். கறை பட்டாலே வாரன்ட்டி போய்விடும் என்ற நிபந்தனையும் சிறிய எழுத்தில் இருக்கலாம். பணம் கட்டும் முன், டென்சிட்டி எண்ணை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.