முதல் சாம்ப்ளர் எது? தறிச் சத்தத்தையும் தாளமாக்கும் பெட்டி!

காஞ்சீபுரம் பட்டுக்குப் பேர்போன ஊர். கோயிலுக்கும் பேர்போன ஊர். அது தாளத்துக்கும் பேர்போன ஊர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்!

காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை (1889-1934) லயத்தில் சிங்கம். அவர் பாட உட்கார்ந்தால் மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று தாள வாத்தியக்காரர்கள் வரிசையாகச் சூழ்ந்து உட்காருவார்கள். 1919-ல் இதே ஊரில் பிறந்த டி.கே.பட்டம்மாள், அந்தக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பல்லவி பாடுவதில் அவருக்கு இருந்த பிடிப்பு நாடறிந்தது.

இன்றைய வாலிபர்களுக்கும் தாளத்தின் மேல் ஆசை உண்டு. வேலை முடிந்து வீடு திரும்பியதும், பொழுதுபோக்காக ஒரு சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாளம் கட்டுகிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் சாம்ப்ளர். முதன்முதலாக வாங்குகிறவருக்கு எது ஏற்றது? கடைக்காரர் காட்டும் பெரிய பெட்டியா? கைக்கு அடங்கும் சிறிய பெட்டியா?

பெட்டிக்குள் என்ன?

ஆர்மோனியத்தில் சுரம் அதற்குள்ளேயே இருக்கிறது. சாம்ப்ளரில் அப்படி இல்லை. எந்த ஒலியைக் கொடுக்கிறோமோ, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பொத்தானைத் தட்டினால் திருப்பித் தரும். கோயில் மணியைக் கொடுத்தால் மணி. அம்மியைக் கொடுத்தால் அம்மி!

பிடித்த ஒலிகளை வரிசையாக அடுக்கினால் தாளம் பிறக்கும். பெரும்பாலான பெட்டிகளில் 16 கட்டங்கள் ஒரு வரிசை. எந்தக் கட்டத்தில் விளக்கு எரிகிறதோ, அந்த இடத்தில் ஒலி விழும். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

காஞ்சீபுரத்துக்காரருக்கு இது புரியாத வித்தை அல்ல. தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும்பும்; இல்லாத இடத்தில் எழும்பாது. அட்டைகள் சுற்றிச் சுற்றி வர, முந்தானையில் மயிலும் யாளியும் தோன்றும். அங்கே இழை, இங்கே ஒலி. அவ்வளவுதான் வித்தியாசம்!

பத்தே விநாடி!

பெட்டி பெரிதாக இருந்தால்தான் பாட்டு நன்றாக வருமா? சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

1987-ல் அமெரிக்காவின் ஈமு நிறுவனம் எஸ்.பி.1200 என்ற பெட்டியை வெளியிட்டது. அதில் பிடித்து வைக்கக்கூடிய ஒலி மொத்தம் 10 விநாடிதான்! அடுத்த ஆண்டு ஜப்பானின் அக்காய் நிறுவனம் எம்.பி.சி.60 பெட்டியைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் ரோஜர் லின். அதில் 13 விநாடி. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் பிறந்த ஹிப்ஹாப் இசை, இந்தச் சில விநாடிகளை வைத்துக்கொண்டுதான் உலகெங்கும் பரவியது. இடம் குறைவாக இருந்ததால், எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் புத்தி வந்தது. 1996-ல் டிஜே ஷேடோ என்பவர் தம்முடைய முதல் இசைத்தட்டை ஏறக்குறைய முழுவதும் ஓர் எம்.பி.சி.60-ஐக் கொண்டே உருவாக்கிப் புகழ் பெற்றார்.

இரவல் பெட்டியில் எழுந்த பாட்டு

தமிழ்ப் பெண் ஒருவரின் கதையும் இருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தவர். சிறு பிராயத்தை இலங்கையில் கழித்தவர். போரினால் லண்டன் திரும்பி, கலைக் கல்லூரியில் படித்தார். சங்கீதப் பயிற்சி கிடையாது. அவர் கைக்கு இரவலாக வந்தது ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப் பெட்டி. அது சாம்ப்ளர்கூட அல்ல. உள்ளே இருக்கும் ஒலிகளை மட்டும் அடுக்கும் கருவி. அதை வைத்துக்கொண்டே முதல் பாட்டுகளை அமைத்தார். 2005-ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்புக்குத் தகப்பனாரின் இயக்கப் பெயரையே சூட்டினார்: 'அருளர்'. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி இவர்தான்.

அடுத்த தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். 2007-ல் வெளிவந்த 'கலா' தொகுப்பில் அந்த முழக்கத்தைக் கேட்கலாம். அவரிடம் பெரிய பெட்டி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது இந்த ஒலி என்றுதான் கேட்டார்கள்!

கடைக்குப் போகுமுன் நான்கு கேள்விகள்

ஒன்று: எந்த ஒலியைப் பிடிக்கப் போகிறோம்? தெருவிலும் தறி வீட்டிலும் பிடிக்க வேண்டுமானால் பெட்டியிலேயே மைக் வேண்டும். அல்லது மைக் செருக வழி வேண்டும். கோர்க் நிறுவனத்தின் வோல்கா சாம்பிள் போன்ற பெட்டி தானாக ஒலியைப் பதிவு செய்யாது. வெளியிலிருந்து ஏற்ற வேண்டும்.

இரண்டு: எங்கே உட்கார்ந்து வாசிப்போம்? திண்ணை என்றால் பேட்டரி முக்கியம். அக்காய் எம்.பி.சி.ஒன் சக்தி மிகுந்த பெட்டிதான். ஆனால், பேட்டரி கிடையாது. சுவரில் செருகித்தான் ஆகவேண்டும்.

மூன்று: எந்தத் தாளம்? இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்! நான்கு கட்டம் ஓர் அட்சரம் என்றால், 16 கட்டத்தில் 4 அட்சரம் அடங்கும். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். இரண்டு வரிசையைக் கோத்தால் சரியாகிவிடும். ஆனால், மிச்ர சாப்புக்கு 7, கண்ட சாப்புக்கு 5. வரிசையின் நீளத்தைக் குறைக்க முடியாத பெட்டியில் இவை எளிதில் வாரா. எலெக்ட்ரான் நிறுவனத்தின் டிஜிடாக்ட் பெட்டியில் வரிசையின் நீளத்தை விரும்பியபடி மாற்றலாம். நயினாப் பிள்ளை ஊரில் வாங்குகிறவர் இதைக் கேட்காமல் வாங்கலாமா?

நான்கு: கையில் எவ்வளவு பணம்? வெளிநாட்டு விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கப்பல் செலவும் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விலை ஏறிவிடும்.

எந்தப் பெட்டி யாருக்கு?

மிகச் சிறியது ஸ்வீடன் நாட்டு டீனேஜ் இஞ்சினியரிங் நிறுவனத்தின் பி.ஓ.33. 2018-ல் 89 டாலருக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும். சிறு பேட்டரி இரண்டு போதும். மைக் உள்ளேயே இருக்கிறது. 40 விநாடி ஒலியைப் பிடிக்கும். அந்தக் காலத்து எஸ்.பி.1200-ஐப் போல நான்கு மடங்கு!

அதே நிறுவனத்தின் ஈ.பி.133, 2023-ல் 299 டாலருக்கு வந்தது. இதிலும் மைக், ஒலிபெருக்கி, பேட்டரி மூன்றும் உண்டு. பொத்தான்கள் பெரிது, இடமும் அதிகம்.

ரோலண்ட் எஸ்.பி.404 எம்.கே.2, 2021-ல் 499 டாலருக்கு வந்தது. பிடித்த ஒலியைக் கரகரப்பாக்கவும் எதிரொலிக்கவும் பல வித்தைகள் தெரிந்த பெட்டி. பேட்டரியிலும் ஓடும். மைக் தனியே வேண்டும்.

சினிமாப் பாட்டைப் போல முழுப் பாட்டையும் ஒரே பெட்டியில் முடிக்க விரும்புகிறவருக்கு எம்.பி.சி.ஒன். 2020-ல் வந்தபோது விலை 699 டாலர்.

பழைய எஸ்.பி.1200-ஐத் தேடி அலைவது புதியவருக்கு வேண்டாத வேலை. விலையோ யானை விலை; பாட்டைச் சேமிக்கப் பழைய பிளாப்பி தட்டு வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாகச் செலவில்லாத ஒரு பரீட்சை உண்டு. கையிலுள்ள போனில் ஒரு வாரம் ஒலிகளைப் பதிவு செய்து பார்க்கட்டும். ஏழு நாளில் ஏழு ஒலிகூடச் சேரவில்லையென்றால், குறை பெட்டியில் இல்லை. பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கலாம். சேர்ந்துவிட்டதா? மைக்கும் பேட்டரியும் உள்ள சிறிய பெட்டியே முதல் பெட்டி. அதில் இடம் போதவில்லை என்று கை தானே கேட்கும்போது பெரியது வாங்கலாம்.

கேட்டு எடுக்க வேண்டும்

பிறர் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது சுலபம். வெளியிட்டால் வம்பு! பிஸ் மார்க்கி என்ற பாடகர், இன்னொருவர் பாட்டின் துண்டை அனுமதியின்றி எடுத்தது குற்றம் என்று 1991-ல் நியூயார்க் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு அது வெளியான பிறகு 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

சொந்தமாகப் பிடித்த ஒலிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால், மரியாதை வேண்டும். கோயிலுக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாகசுரக்காரரும் தவில்காரரும் வாசிப்பதை எடுத்தால் அவர்களைக் கேட்டு, உரிய சன்மானம் தரவேண்டும். தறி வீட்டில் இன்னும் கவனம் தேவை. நெசவாளிக்கு நேரமே கூலி. அவர் கையை நிறுத்தச் சொல்லாமல், ஓரமாக நின்று பிடிக்க வேண்டும்.

தறி ஓடும்போதே!

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் தாளம் தானாகவே காதில் விழும். மிதி அழுந்தும் ஒலி ஒன்று. நாடா பாயும் ஒலி ஒன்று. பலகை வந்து மோதும் ஒலி ஒன்று. கோர்வைக் கரை போடும் சேலையில் இருவர் சேர்ந்து மூன்று நாடாக்களை ஓட்டுகிறார்கள். அங்கே கேட்பது தனித் தாளம் அல்ல, ஜுகல்பந்தி!

ஆனால், நெசவாளியின் பிள்ளைகளில் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் உறுதி என்றால் யார்தான் போகமாட்டார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தறி நின்றால் ஒரு தாளம் நிற்கிறது.

சாம்ப்ளர் அந்தத் தறியை மீண்டும் ஓட்டாது. அந்த வேலைக்கு நல்ல கூலியும் நல்ல விலையும் வேண்டும். ஆனால், தொழிற்சாலையிலிருந்து இரவு வீடு திரும்பும் மகன், தகப்பனார் நெய்யும் சத்தத்தை ஒரு பொத்தானுக்குள் பிடித்து வைக்கலாம். அதன் மேல் தன் தாளத்தைக் கட்டலாம். அதற்கு 40 விநாடி தாராளம்!