காபிக் கறை பிடித்த கண்ணாடி ஜாடி... தேய்க்காதீங்க, ஊறவைங்க!

முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கிய பொருள் ஒரு காபி மேக்கர். பொடியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைத் தட்டினால் கீழே இருக்கும் கண்ணாடி ஜாடியில் சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கும். வாங்கிய புதிதில் ஜாடி பளபளவென்று இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், காலியாக இருக்கும்போதும் உள்ளே காபி இருப்பதுபோலவே தெரிந்தது. 

ஊரிலிருந்து அம்மா வரப்போகிறார் என்று தெரிந்த அன்று ராத்திரிதான் எனக்கு ஞானோதயம் வந்தது. கம்பி நாரை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. போனில் பார்த்தபடி சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினேன். நுரை பொங்கியதைப் பார்க்க ஜோராக இருந்தது, கறை மட்டும் அசையவில்லை. கடுப்பில், பாத்ரூமில் இருந்த பிளீச்சிங் பவுடரில் ஒரு ஸ்பூன் எடுத்து, இன்னும் கொஞ்சம் வினிகரோடு சேர்த்து ஜாடியில் போட்டேன். அடுத்த சில நொடிகளில் நீச்சல்குளத்து வாசனை பத்து மடங்காக மூக்கில் ஏறியது. கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. கதவு பக்கத்திலேயே இருந்ததால் மாடிப்படிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் விஷயத்தைக் கேட்ட அம்மா சொன்னது ஒரே வரிதான். "கறை போகலைன்னா ஜாடி கிடந்துட்டுப் போகுதுடி, உன் கண்ணு போனா என்ன பண்றது?"

அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். வினிகரும் அமிலம்தான், எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். கழிவறை கழுவும் திரவம் சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டித் தங்கும். அதாவது தவழும் குழந்தைகளுக்கும் பாயில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும்தான் முதலில் ஆபத்து. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேவை பிளீச்சோடு சேர்த்தாலும் வேறொரு நச்சு வாயு வரும்.

உங்கள் வீட்டில் யாராவது தெரியாமல் கலந்துவிட்டால், ஜாடியைக் காப்பாற்ற நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். கண் எரிந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு கறை இல்லை, இரண்டு

சரி, அந்த ஜாடி ஏன் இவ்வளவு அடம்பிடித்தது?

நாம் காபிக் கறை என்று சொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தது. ஒன்று, காபிக்கொட்டையை வறுக்கும்போது உருவாகும் பழுப்பு நிறப் பொருள்களும் காபியின் எண்ணெய்ப் பசையும். இன்னொன்று, நம் ஊர் போர் தண்ணீரின் உப்புப் படிவு. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அந்தச் சொரசொரப்பான வெள்ளைப் படிவில் பழுப்பு நிறம் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் மறுபடி உப்பு, மறுபடி காபி. ஆறு மாதத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடும்.

எண்ணெய்க்கும் பழுப்புக்கும் சோடா போன்ற காரம் வேண்டும். உப்புப் படிவுக்கு வினிகர் போன்ற அமிலம் வேண்டும். இரண்டும் வேண்டும் என்பது சரி, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. சேர்த்து ஊற்றினால் ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு, கரியமில வாயு நுரையாகப் போய்விடும். மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். வீடியோவில் பொங்குவதைப் பார்த்து 'ஆஹா' என்கிறோமே, அது நம் காசு பொங்கிப் போவதுதான்.

அம்மா செய்த முறை

அம்மா ரசாயனம் எதுவும் பேசவில்லை. ஜாடியைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசினார். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டார். காலையில் மெல்லிய ஸ்பாஞ்சால் துடைத்தபோது பழுப்பு பாதிக்கு மேல் கழன்று வந்தது. மறுபடி நன்றாக அலசிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் வைத்தார். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் அதற்குப் பதிலாக எலுமிச்சை உப்பு ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். மளிகைக் கடையிலேயே சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும்.

எந்தக் கறை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க விரல் நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சோடா மட்டுமே போதும். சொரசொரவென்று இருந்தால் வினிகர் வேலையும் பாக்கி இருக்கிறது.

இதற்கும் மசியாத பழைய கறைக்கு சோடியம் பெர்கார்பனேட் என்ற பொடி இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் ஆக்ஸிஜனை விட்டு நிறத்தை வெளுக்கும். வாசனையும் சோப்பும் கலந்த துணிக் கறைப் பொடியை வாங்காமல், பாக்கெட்டில் இந்தப் பெயர் மட்டும் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி மூடிவிடாதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் கூடும்.

கை நுழையாத பாட்டிலுக்கு ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும். உள்ளே கண்ணாடி இருக்கும் பழைய ஃபிளாஸ்க்கில் மட்டும் குலுக்கல் வேண்டாம், மெல்லிய கண்ணாடி. தாத்தா பாட்டி பல்செட் ஊறவைக்கும் மாத்திரை வீட்டில் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரோடு அதில் ஒன்றைப் போட்டு ஊறவிட்டுப் பிறகு பல முறை அலசுங்கள். (தாத்தாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்!)

உடையாமல் பார்த்துக்கொள்ள

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் சீக்கிரம் போய்விடும் என்று தோன்றும். சாதாரண கண்ணாடி டம்ளருக்கு அது எமன். கண்ணாடியின் உள்பக்கம் சூட்டில் விரிய, வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் விரிசல்தான். போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அது தாங்கும். ஆனாலும் சூடாக அடுப்பிலிருந்தோ மெஷினிலிருந்தோ எடுத்த ஜாடியை நேராகக் குழாயடியில் காட்டக் கூடாது. கை பொறுக்கும் சூடுதான் ஊறவைக்கும் தண்ணீருக்கு அளவு.

கம்பி நார், சாம்பல், மணல் கலந்த பொடி எல்லாம் பித்தளைக்கும் ஈயச்சொம்புக்கு வெளிப்புறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் விழும் மெல்லிய கீறல்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். தங்கக் கோடு போட்ட, பூ அச்சிட்ட டம்ளர் என்றால் சோடாவும் வினிகரும் கோட்டைத் தொடாமல் கீழேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் கறையோடு தங்கமும் போய்விடும்.

கறை எல்லாம் போன பிறகும் சில டம்ளர்கள் புகை படிந்ததுபோல் மங்கலாகவே இருக்கும். வினிகரில் ஊறவைத்தும் மாறவில்லை என்றால் அது படிவு இல்லை, கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

என் ஜாடி கடைசியில் சுத்தமாகத்தான் ஆனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கைப்பிடிக்குக் கீழே கம்பி நார் போட்ட கோடுகள் தெரிந்தன. சூடான தட்டில் உட்காரும் ஜாடி அது, கீறலோடு வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அது ஜன்னல் ஓரத்தில் மணி பிளான்ட்டோடு நிற்கிறது. ஜாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.